சுவை பார்த்தவர் கையொப்பம்

ஜூலை 8, திங்கள்

மனசு இன்னும் அடங்கவில்லை. பயமா, கோபமா என்று கேட்டால், கோபம்தான்.

மதியச் சாப்பாடு முடிந்து முக்கால் மணி நேரத்தில் ஆறாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். வெயில் என்று நினைத்தேன். மூன்று மணிக்குள் பத்தொன்பது பேர். தலைமையாசிரியர் குழந்தைவேல் சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர, ஆம்புலன்சுக்குப் பேசியது நான்தான். பதினேழு பேரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு ஹரிணிக்கும் அவள் தங்கைக்கும் மட்டும் டவுன் பெரியாஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் என்னிடமே சொன்னார். அந்த மட்டில் நிம்மதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு விஷயத்துக்கு. நாலு மணிக்குப் பள்ளி கேட்டில் கூட்டம். ஐந்து மணிக்குத் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். சாம்பாரில் பல்லி விழுந்திருக்கிறதாம், சிந்தாமணி அது தெரிந்தே பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறாளாம். பல்லியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஊரே சொல்லுது என்றார். ஊரில் யார் பார்த்தது என்றேன். முறைத்தார். என் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொன்றைத் திருடன் என்றால், நீ பார்த்தியா என்றுதான் முதலில் கேட்பேன். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘பாத்தியா டீச்சர்’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிந்தாமணி எங்கள் பள்ளியின் சத்துணவுச் சமையலர். காலனியிலிருந்து வருகிறாள். இந்த வேலைக்கு ஏழு வருஷம் மனுப் போட்டு வாங்கியவள். போன வருஷம் மார்ச்சில் அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் நாற்பது பிள்ளைகள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள். எங்கள் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சண்டை போட்டு அதை மாற்றியது நான். அந்த ஊர்தான் இன்று பல்லியைக் கண்டுபிடித்திருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

சிந்தாமணியைச் சமையலறைப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாடு பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஆட்டோவில் வருகிறது. வரும் திங்கட்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து சத்துணவுப் பிரிவு அதிகாரி விசாரணைக்கு வருகிறார். குற்றம் என்று அவர் எழுதிவிட்டால் அன்றே வேலை நீக்கம். அதை வைத்துப் போலீசில் புகார் கொடுக்க நாச்சிமுத்து ஆள் சேர்க்கிறார்.

விசாரணைக்கான அறிக்கையை எழுதும் பொறுப்பைக் குழந்தைவேல் சார் என் தலையில் கட்டிவிட்டார். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும், நீங்கதான் எதையும் பிரிச்சு எழுதுவீங்க என்றார். அவருக்கு வேலை மிச்சம். சரி, நானே எழுதுகிறேன். ஒருத்தி சோற்றில் மண் போடுவது என்றால் அதற்குக் காரணம் வேண்டும்.

செவ்வாய் விரதம். பால் மட்டும் குடித்தேன். வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, புதன்

சிந்தாமணியைத் தவிர எல்லாரிடமும் எழுத்து மூலம் வாங்கியாயிற்று. பதினாலு வாக்குமூலம். படிக்கப் படிக்க இரத்தம் கொதிக்கிறது. எட்டாம் வகுப்பில் நடந்தது, கருத்து, ஊகம், யோசனை என்று நாலு கட்டம் போட்டு வாக்கியங்களைப் பிரிக்கச் சொல்லுவேன். அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகப் பிரிக்கின்றன. இந்தப் பெரிய மனிதர்களால் முடியவில்லை.

ஹரிணியின் அப்பா எழுதியிருக்கிறார்: ‘போன மாதம் என் மனைவி அவளைத் திட்டியதால் பழி வாங்க வேண்டும் என்று மருந்து கலந்தாள்.’ இதில் திட்டியது மட்டும்தான் நடந்தது. மற்றதெல்லாம் அவர் கற்பனை. கலந்திருப்பாள் என்றுகூட எழுதவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி கலந்தாள் என்கிறார். நாச்சிமுத்துவின் மனைவி, அவளுக்குச் சுத்தம் போதாது என்று எழுதியிருக்கிறார். அந்தம்மா பள்ளிச் சமையலறையை எட்டிப் பார்த்ததே கிடையாது. வெறும் கருத்து, அதுவும் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் வகுப்பு டீச்சர் மட்டும், சமையல்காரரை மாற்றினால் நல்லது என்று எழுதியிருக்கிறார். அது யோசனை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னாலேயே யோசனை எதற்கு?

நடந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அன்று சாம்பார் சாதமும் முட்டையும். நூற்றுப் பதினோரு பேர் சாப்பிட்டார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு மணி அடித்தது. பத்தொன்பது பேருக்கு வாந்தி. சோதனைக்கு என்று தினமும் ஒரு டப்பாவில் எடுத்து வைக்கும் மாதிரிச் சாப்பாட்டை, அண்டா குண்டானோடு சேர்த்து அன்று மாலையே கழுவச் சொல்லிவிட்டார் குழந்தைவேல் சார். பதற்றத்தில் தோன்றவில்லையாம். ஆகச் சோதித்துப் பார்க்க ஒரு பருக்கைகூட இல்லை.

பன்னிரண்டேகாலுக்குச் சுவை பார்த்ததும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் ஒரு ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்து, ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பம் இடுவது விதி. எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு என்னுடையது. அதில் எழுத ஒன்றுமில்லை, பதிவேட்டில் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

பதிவேட்டை எடுக்கப் பொருள் வைக்கும் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. மூலையில் ஒரு தகர டின். கரையான் மருந்து. மேலே மண்டையோடு படம். பக்கத்திலேயே சுவரை ஒட்டித் துவரம்பருப்பு மூட்டை, அடியில் ஒரு பலகைகூட இல்லை. கால்வாசிதான் மிச்சம். மூட்டையின் அடிப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குக் கறை படிந்து கிடந்தது.

குழந்தைவேல் சாரிடம் போய்க் கேட்டேன். சனிக்கிழமை ஆள் வைத்துச் சுவரோரம் கரையான் மருந்து அடித்தாராம். மூட்டையை நகர்த்தினீர்களா என்றேன். அடித்தவன் நகர்த்தியிருப்பான் என்றார். இருப்பானாம். நானும் என் கட்டங்களை விடவில்லை. மருந்து அடித்தது நடந்தது. கறை இருப்பது நடந்தது. கறை மருந்துதான் என்பது ஊகம், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். மூட்டையைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்பது என் யோசனை. இதை அறிக்கையில் எழுதுகிறேன் என்றேன்.

மனிதர் கோபப்படவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“டீச்சர், நீங்க பன்னெண்டேகாலுக்குச் சாப்புட்டுப் பாத்து நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்களுக்கு ஒரு ஏப்பம்கூட வரலை. அப்பறம் எப்புடிங்க பருப்புல கோளாறு இருக்கும்? கோளாறு அதுக்கு மேலதான் வந்திருக்கோணும். அந்த இருவத்தஞ்சு நிமிசம் சாம்பார்கிட்ட நின்னது அவ ஒருத்திதான்.”

அடுத்த வாரம் அந்தப் பழைய மூட்டையைக் கிடங்குக்குத் திருப்பிவிடப் போவதாகவும் சொன்னார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, உங்கள் கையெழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறதே என்றார்.

தலைவலி. பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வெள்ளி விரதம். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஜூலை 13, சனி

சிந்தாமணியின் வாக்குமூலத்தைக் குழந்தைவேல் சாரே எழுதி வாங்கி வைத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம்தான் என் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி: ‘கோகிலவாணி டீச்சர் சுவை பார்த்து, நன்றாக இருப்பதாகச் சொன்ன பிறகுதான் பரிமாறினேன்.’ கீழே அவள் கையெழுத்து.

காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காலனிக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் இன்றுதான் முதல் தடவை போகிறேன். சிந்தாமணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டாள். டீ வைக்கட்டுங்களா என்று கேட்டாள். இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். குடித்திருக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டேன். உன் தலையில் நீயே கல்லைப் போட்டுக்கொள்கிறாயே, நான் சாப்பிட்டுப் பார்த்தது உண்மையென்றால் பழி முழுக்க உன் மேல்தானே வந்து விழும், இதுகூடவா தெரியவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரியாதா என்று அதே வேகத்தில் கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

அன்று பன்னிரண்டு மணிக்கு நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் வகுப்பு வாசல் வரை வந்தாள். பருப்பு வேகும்போது ஒரு மாதிரி மருந்து வாடை அடிக்கிறது, ஒரு வாய் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நான் தலையைத் தூக்காமலே, சரியாகத்தான் இருக்கும், மணியடிக்கச் சொல் என்றேன். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம் இது. இதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

“டீச்சர் பாக்கலைன்னு சொன்னா, ஏன் பாக்கலைன்னு அடுத்த கேள்வி கேப்பாங்கல்லங்க. அதை நான் என் வாயால சொல்லோணுமாக்குங்க?”

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ன திமிர் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து நாலு குடம் தண்ணீர் பிடித்தேன், துணி துவைத்தேன், ஏற்கெனவே விளக்கிய பாத்திரத்தை மறுபடி விளக்கினேன். கோபம் தணியவில்லை. யார் மேல் கோபம் என்று எழுத இப்போது தெம்பில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுப் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தேன்.

ஊரையெல்லாம் பிரித்துப் போட்டேனே, இப்போது என்னைப் பிரிக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல்.

சிந்தாமணி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போன திங்கள் வரை பதிவேட்டில் இருநூற்று முப்பத்தேழு நாள். இருநூற்று முப்பத்தேழு கையொப்பம். எல்லாம் என்னுடையது. எல்லாவற்றுக்கும் எதிரே ‘நன்று’. ஒரு நாள்கூட நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாதம் முழுவதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஜூலைக்கும் அப்படித்தான், முப்பத்தொன்றாம் தேதி வரை போட்டாயிற்று.

அவள் தினமும் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் போட்டு, மூடி வைத்து, வகுப்பு ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். அது போட்டது போட்டபடி அவளிடம் திரும்பிப் போகும். இருநூற்று முப்பத்தேழு தடவை அந்தத் தட்டைத் திரும்ப வாங்கிக் கழுவியிருக்கிறாள்.

திங்கள் சோமவாரம், செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு. மீதி இரண்டு நாள் அல்சர். இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. எனக்கு அல்சர் இல்லை, வெறும் வாயு என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது. அவளுக்கு முன்னால் எங்கள் தெரு ருக்குமணியக்காதான் சமைத்தது. அந்தச் சாம்பாரை நான் தட்டில் சாப்பிட்டது போதாது என்று டப்பாவில் வீட்டுக்கும் வாங்கி வந்திருக்கிறேன். அப்போதும் திங்கள் இருந்தது, செவ்வாய் இருந்தது, வெள்ளியும் இருந்தது.

நான் சாதி பார்க்கிறவள் இல்லை. இது என்னைப் பற்றி என் கருத்து. மேலே எழுதியிருப்பது நடந்தது. இரண்டும் ஒரு பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நாற்பது வீடு ஏறி இறங்கிச் சண்டை போட்டவள் நான், ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டியிருந்தால் அந்தச் சண்டையே தேவைப்பட்டிருக்காது. தூ.

மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வருஷம் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருப்பது. பொய்க் கையெழுத்து என்று நீயே சொன்னால் சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள் என்றார். மனசு கேட்கவில்லையென்றால் அல்சர் என்று சொல்லிவிடு, சாப்பிடவில்லை என்றும் ஆகும், உனக்கும் பங்கம் வராது, அவளும் தப்பிப்பாள் என்றார். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிகிறது.

ஜூலை 15, திங்கள்

முடிந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் அறையில் விசாரணை. அதிகாரி மெஹருன்னிசா மேடம், குழந்தைவேல் சார், நாச்சிமுத்து, நான். சிந்தாமணி கதவோரம் நின்றாள். இரண்டு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடம் வாக்குமூலங்களை வேகமாகப் புரட்டினார். பல்லிக் கதையை ஒதுக்கிவிட்டார், அந்த மட்டில் புத்திசாலி. பதிவேட்டை மட்டும் விரித்து வைத்துக்கொண்டார். பன்னிரண்டேகாலுக்கு உணவு நன்றாக இருந்திருக்கிறது, பன்னிரண்டு நாற்பதுக்குக் கெட்டிருக்கிறது, இடையில் உணவு சமையலர் பொறுப்பில் இருந்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் எழுந்து, அந்தக் கையெழுத்து பொய் என்றேன். அன்றைக்கு நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை, என்றைக்குமே பார்த்ததில்லை என்றேன்.

குழந்தைவேல் சார் லேசாகச் சிரித்தார். டீச்சருக்கு இளகின மனசு, அவளைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று மேடத்திடம் சொன்னார். அந்த மனிதர் மேல் இந்த ஒரு வாரமாக இருந்த கோபம் எல்லாம் என் விரலில் இறங்கிவிட்டது. கடகடவென்று பக்கத்தைப் புரட்டி மேடம் முன்னால் தள்ளினேன்.

“இன்னைக்குத் தேதி பதினஞ்சுங்க மேடம். வர்ற முப்பத்தொண்ணாந்தேதிச் சாப்பாடும் நல்லாருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், பாருங்க.”

மேடம் ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மற்றதையும் சொன்னேன். வாடை அடிக்கிறது என்று சிந்தாமணி வந்து கேட்டது, நான் தலையைத் தூக்காமல் அனுப்பியது, சனிக்கிழமை மருந்து அடித்தது, மூட்டையின் கறை. கறை மருந்துதான் என்று நான் சொல்லவில்லை, அது தெரியாது, அதைச் சோதித்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன். மேடம் அங்கேயே ஆளை அனுப்பி அறையைப் பூட்டி, மூட்டைக்குச் சீல் வைக்கச் சொன்னார். குழந்தைவேல் சாரின் முகம் தொங்கிப்போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். சிந்தாமணிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, ஏன் சாப்பிட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டார்.

அடுத்த கேள்வி.

குழந்தைவேல் சார் அந்த நிலைமையிலும் எனக்கு முந்திக்கொண்டு, டீச்சருக்கு அல்சர் மேடம் என்றார். என் மேல் அக்கறை இல்லை, பள்ளி மேல் வேறு மாதிரி புகார் வந்துவிடக் கூடாதே என்ற பயம். மேடம், அல்சரா என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டார். நான் ஆமாம் என்றால் போதும். அந்த ஆமாம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, இதையும் எழுதத்தான் வேண்டும். சிந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அல்சர் இல்லைங்க மேடம்,” என்றேன். “இவங்க சமைச்சாங்கங்கறதால.”

மேடம் எழுதவில்லை. இதை நீங்கள் யோசித்துத்தான் சொல்கிறீர்களா, இது பதிவாகிவிட்டால் அழிக்க முடியாது என்றார். எழுதச் சொன்னேன். எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். சாப்பிட்டுப் பார்க்காமல் போட்ட இருநூற்று முப்பத்தேழு கையெழுத்துக்குப் பிறகு இது ஒன்றுதான் என் கையெழுத்து.

வெளியே வந்தபோது சிந்தாமணி என்னைக் கடந்து போனாள். அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அசிங்கமாக இருந்திருக்கும்.

ஜூலை 18, வியாழன்

சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. குற்றச்சாட்டு மெமோ தனியாக வருமாம். என் வீட்டுக்காரர் பேசவில்லை. புது கிரைண்டர் பெல்ட் போட்டேன். ஓடுகிறது.

ஜூலை 20, சனி

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் காது மடல் எரிகிறது.

காலையில் நாச்சிமுத்துவும் அவர் மனைவியும் வந்தார்கள். ஒரு தூக்குப் போசி நிறையத் தயிர், ஒரு சீப்புப் பூவன்பழம். பிள்ளைகள் விஷயத்தில் அவரை எதிர்த்துப் பேசியவள் வீட்டுக்கு எதற்கு வருகிறார் என்று யோசித்துக்கொண்டே உட்காரச் சொன்னேன். அவர் குரல் தேனாக இருந்தது. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட நான் வழுக்கவில்லையாம். மத்த டீச்சர்கள் எல்லாம் வெளியில் ஒன்று சொல்லி உள்ளே ஒன்று தின்கிறார்களாம். அதிகாரி முன்னாலேயே அதைத் தைரியமாகச் சொன்னேனாம்.

“நீங்க நம்ம டீச்சர்னு நிரூபிச்சுட்டீங்க,” என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் தப்பு என்று சொன்னதை இவர்கள் பெருமை என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்கும்படியாகத்தானே ஒன்றரை வருஷம் நடந்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. தயிரையும் பழத்தையும் அவர்கள் கையிலேயே திணித்தேன். நான் செய்தது கேவலம், கேவலத்துக்கு யாரும் சீர் கொண்டுவர வேண்டாம், எழுந்து போங்கள் என்றேன். நாச்சிமுத்து, டீச்சருக்கு வேலை போன அதிர்ச்சி என்று வாசலில் நின்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஊகம்கூட இல்லை, நடந்ததாகவே ஊரில் சொல்லுவார். சொல்லிக்கொண்டு திரியட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆய்வக முடிவு வந்துவிட்டது. மூட்டையின் அடிப்பருப்பில் கரையான் மருந்து இருந்திருக்கிறது. குழந்தைவேல் சாரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிந்தாமணி மேல் குற்றம் இல்லை என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு. நேற்று வேலைக்கு வந்துவிட்டாள். ஹரிணியும் தங்கையும் பள்ளிக்கு வருகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளில் முப்பது பேர் இன்றும் வீட்டு டப்பாதான் கொண்டுவருகிறார்கள். ஆய்வகம் என்ன சொன்னாலும் அவர்கள் வீட்டில் எடுபடாது.

என் அலமாரிச் சாவியை ஒப்படைக்க இன்று பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. போன நேரம் பன்னிரண்டரை. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். கால் தானாகச் சமையலறைக்குப் போனது. செவ்வாய்க்கிழமைதான், ஆனால் காலையில் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

சிந்தாமணி குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாம்பார் கொதித்துப் பெருங்காய வாசம் வாசல் வரை வந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். வழியில் எத்தனையோ வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஒரு வாய் கொடு என்று மட்டும் கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி இருந்தது. இருக்கட்டும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. அதற்குத் தயாராகத்தான் நான் போயிருந்தேன், கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று.

“இன்னைக்கு வேற டீச்சர் பாத்துட்டாங்க,” என்றாள். கரண்டியைத் தட்டி வைத்துவிட்டுக் குண்டானின் இரண்டு பக்கமும் துணி சுற்றினாள். “பிள்ளைங்க உக்காந்துட்டாங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

நான் தள்ளி நின்றேன். அவர் (அவள் என்று எழுத இனிக் கை வரவில்லை) குண்டானைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.